பாட்டி ஏன் டெலிபோன் செய்யவில்லை?

சேலத்திலிருந்து ஏற்காடு போக இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். அந்த ஏற்காட்டு மலையில்தான் இருக்கிறது மாரமங்கலம். காப்பியும் மிளகும் விளைகிற சீமை. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் பகுதி. (கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழ் பேசும் மலைவாசிகள்.)

அங்கே ஒரு பாட்டிக்கு வாயில் புண் என்று வைத்துக் கொள்வோம். கன்னத்தின் உட்பக்கம். புகையிலையை அடக்கி வைப்பாரே, அதே இடம். ஒரு மாதமாகப் புண் ஆறவில்லை. வலியும் இல்லை. வலி இல்லாததால் பாட்டிக்குக் கவலை இல்லை. "உடம்புச் சூடு, தானாகப் போய்விடும்" என்கிறார். கீழே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. போனாலும் எந்த வாசலில் நிற்பது? யாரைக் கேட்பது?

பேரன் கையில் போன் இருக்கிறது. 104 என்று அழுத்தினால், காசில்லாமல் தமிழிலேயே கேட்கலாம். 2013 கடைசியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மருத்துவ உதவி எண் அது. பாட்டி அதைக் கேட்டதே இல்லை.

இப்படி ஒரு வழி உண்டு என்பதை அமெரிக்கா 1975-ல் கண்டுகொண்டது. அங்குள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம், பொது மக்கள் காசில்லாமல் டெலிபோனில் கேட்க ஓர் ஏற்பாடு செய்தது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து ஆராய்ச்சி நிலையம் 1986-ல் தொடங்கியது. காரணம் சுலபமானது. "புற்று நோய்" என்று டாக்டர் சொன்னதும் காது அடைத்துப் போகிறது. அதற்குப் பிறகு அவர் சொல்வது எதுவும் மனசில் ஏறுவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் முளைக்கின்றன. முடி கொட்டுமா? குழந்தைக்கு ஒட்டிக் கொள்ளுமா? (ஒட்டாது.) முகம் தெரியாத ஒருவரிடம் இதையெல்லாம் வெட்கமில்லாமல் கேட்கலாம்.

இந்த எண்களைப் பற்றி ஆராய்ச்சிகள் நடந்தன. ஓர் ஆராய்ச்சியில், கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லி முடித்த பிறகு, காய்கறி, பழம் சாப்பிடுவது பற்றி இன்னும் சில நிமிடம் பேசினார்கள். பின்பு தபாலில் புத்தகமும் அனுப்பினார்கள். அவர்கள் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது. பேச்சுக்குப் பலன் உண்டு என்று தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. அதுதான் நமக்கு முக்கியம். கூப்பிட்டவர்களில் அதிகம் பேர் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள். ஏழைகளும் எழுத்தறியாதவர்களும் குறைவாகவே கூப்பிட்டார்கள். யாருக்கு மிகவும் தேவையோ, அவர் போனை எடுக்கவில்லை!

அமெரிக்காவிலேயே அப்படி என்றால், நம் மலைக் கிராமத்தில் கேட்க வேண்டுமா?

நம் நாட்டில் இந்த நோயின் கொடுமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923-ல் அவர் தங்கையைப் புற்று நோய் பறித்தது. அந்த வேதனையே 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக எழுந்தது. அடையாறு எங்கே, மாரமங்கலம் எங்கே! இடையே உள்ள தூரத்தை டெலிபோன் குறைக்கும். ஆனால் எண்ணை வைத்துவிட்டு, "கூப்பிட்டால் சொல்கிறோம்" என்று உட்கார்ந்திருந்தால் குறையாது.

எண்ணை ஆள் தேடிப் போக வேண்டும். ரேஷன் கடைச் சுவரில் 104 என்று பெரிதாக எழுத வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்கும் எண் தெரியும்; பஸ் நம்பர் பார்த்துத்தானே ஏறுகிறார்! வீடு வீடாக வரும் கிராம நர்ஸ் தன் போனிலேயே கூப்பிட்டு, பாட்டியைப் பேச வைக்க வேண்டும். மலையில் சிக்னல் அறுந்து போகும்; ஆகவே அவர்களே திரும்பக் கூப்பிட வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற எண் 2016-ல் தொடங்கியது. 2018 செப்டம்பர் முதல் பீடிக் கட்டிலும் புகையிலைப் பொட்டலத்திலும் அச்சாகிறது. அங்கே ஆலோசகர்களே மறுபடி கூப்பிட்டு, "விட்டீர்களா?" என்று விசாரிக்கிறார்கள்.

போனில் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. அது உண்மை. ஆனால் எங்கே போவது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு என்ன செய்வது என்று சொல்ல முடியும். வாய்ப் புற்று ஆரம்பத்தில் தெரிந்தால் பெரும்பாலும் குணமாக்கலாம். முற்றிவிட்டால் தாடையையே எடுக்க நேரலாம்.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கு மட்டும் போட்டாலும் புற்று வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது.

பேரப் பிள்ளைகளே! ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பீர்கள். பாட்டியை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு ஏதாவது இருக்கிறதா? அம்மாவிடமும் கேளுங்கள்: மார்பில் வலியில்லாத கட்டி உண்டா? மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுகிறதா? இருந்தால், 104-ஐ அழுத்திப் போனை அவர்கள் கையில் கொடுங்கள். "எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, என்ன கொண்டு வர வேண்டும்" என்ற மூன்றையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.