‘நன்றி: இணையம்’

போன வருடத் தைப்பொங்கலுக்குக் கிழக்கு லண்டனில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரில் ஒரு கிழவி. திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பூத் தொடுக்கிறாள். வாழைநாரின் ஒரு முனை கால் கட்டைவிரலில் சுற்றியிருக்கிறது, மறு முனை கையில். மடியில் கனகாம்பரம். நகக்கண்ணில் ஒட்டிய காம்பின் பச்சையைக்கூட நீர்வண்ணத்தில் கொண்டுவந்திருந்தார், யாரோ ஒருவர். யாரோ என்றுதான் சொல்ல முடிந்தது. வலது கீழ் மூலையில், கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில், ஒரு பொங்கல் பானையை ஒட்டியிருந்தார்கள். பானையின் விளிம்புக்கு வெளியே கையெழுத்தின் வால் மட்டும், ஒரே ஒரு சுழி, நீட்டிக்கொண்டிருந்தது.

பேனரைச் செய்த தம்பி யாழ்ப்பாணத்துக் குடும்பம். இரண்டு இரவு கண்விழித்து, காசு வாங்காமல் செய்து கொடுத்தவன். “யார் தம்பி வரைந்தது?” என்று கேட்டேன். “தெரியாதண்ணை. நெட்டிலயிருந்து எடுத்தனான். இவ்வளவு சனம் பாக்குது, கீறினவருக்கும் பெருமைதானே?”

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஊரெல்லாம் நம்புவதைத்தான் அவனும் சொன்னான். நல்ல படம் ஒன்றைக் கண்டால் நாலு பேருக்கு அனுப்ப வேண்டும், நாலு பேர் பார்ப்பதே வரைந்தவருக்குச் செய்யும் உபகாரம், பெயர் வந்தாலும் வராவிட்டாலும் படம் பேசும் என்ற இந்த நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது, கலையை நேசிப்பவர்களிடமும் இருக்கிறது. தவறான நம்பிக்கை என்பதோடு நிற்கவில்லை, ஓவியர்களின் வயிற்றில் அடிக்கும் நம்பிக்கை இது.

முகநூலிலும் சிற்றிதழ்களிலும் படத்துக்குக் கீழே ‘நன்றி: இணையம்’ என்று போடுகிறோம். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் ‘நன்றி: கூகுள்’ என்கிறார்கள். இணையம் தூரிகை பிடித்ததில்லை. கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு, எழுதியவர் பெயரைக் கிழித்துப் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஓவியர் இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். வாசல் வழியே விழும் வெயில், அதில் பாதி முகம் நனைந்து நிற்கும் கிராமத்துப் பெண்கள், பித்தளைப் பாத்திரத்தின் மினுக்கம். உங்கள் கைப்பேசிக்கும் அவை வந்திருக்கும். “இது போட்டோ இல்லை, பெயின்டிங்! நம்ப முடிகிறதா?” என்ற வரி வந்தது, அவர் பெயர் வரவில்லை. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அன்றைக்குத்தான் என் வாட்ஸ்அப் குழுக்களில் பலர், “அந்தப் படங்களெல்லாம் இவருடையதா?” என்று கேட்டார்கள். பல வருடங்களாக அவர் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தவர்களே அப்படிக் கேட்டார்கள். அவர்கள் அத்தனை முறை அனுப்பியதில் அவருக்கு என்ன சேர்ந்தது?

கோவில்பட்டி கொண்டையராஜுவின் கதையும் அப்படித்தான். சிவகாசியில் அச்சான அவருடைய சாமிப் படங்கள் தொங்காத பூஜையறை தென்தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் அபூர்வம். முருகனுக்கு ஒரு முகத்தை நம் மனதில் வரைந்தவர்களில் ஒருவர் அவர். அவர் பெயர் தெரிந்த வீடுகள் எத்தனை?

இங்கே ஒரு பதில் தயாராக வரும்: “நம் மரபே அப்படித்தான். கோயில் கட்டிய சிற்பி பெயரா போட்டுக்கொண்டான்? கலைஞன் தன்னைக் கரைத்துக்கொள்பவன். பெயர் கேட்பது வெள்ளைக்காரப் பழக்கம்.” கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று தச்சர் பெயர் நிற்கிறது. ஆடல் பெண்கள் 400 பேரின் பெயரையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும் சேர்த்து வெட்டிவைத்தான் ராஜராஜன். அதற்கும் முன்னால் நம் சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? பாடியவர் பெயர் கிடைக்காதபோது, பாட்டுக்குள்ளிருந்தே ஓர் அழகான சொற்றொடரை எடுத்து அதையே பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். பெயரே கிடைக்காமல் போன பாட்டுகளும் நூற்றுக்கு மேல் உண்டு. ஆனால் முடிந்த இடத்தில் எல்லாம், பாட்டைப் பெயரில்லாமல் அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. இதுதான் நம் மரபு. நம் சோம்பலுக்கு மரபைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

பெயரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க லண்டனிலேயே இடம் இருக்கிறது. சவுத் கென்சிங்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் வரைந்த ஓவியத் தொகுப்புகள் உண்டு. தாளுக்கு ஒரு கணவன் மனைவி. கையில் அவர்களுடைய தொழில் கருவி. கீழே ஆங்கிலத்தில் சாதியும் தொழிலும். அந்தப் புடவையின் கரையை ஒற்றை மயிர்த் தூரிகையால் இழுத்த கை எவ்வளவு நிதானமான கை என்பது பார்த்ததும் தெரியும். இப்படிப்பட்ட படங்களில் வரையப்பட்டவரின் சாதி பதிவாகியிருக்கிறது. படத்தை வாங்கிய துரையின் பெயரும் பல நேரம் பதிவாகியிருக்கிறது. வரைந்தவர் பெரும்பாலும் ‘தஞ்சாவூர் ஓவியர்’ மட்டுமே. இருநூறு ஆண்டுகளாக உலகம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்ப்பதே பெருமை என்றால், அந்தப் பெருமை யாருடைய பேரனுக்குப் போய்ச் சேர்ந்தது?

அதே காலத்தில், அதே தென்னாட்டில், நேர்மாறாக ஒன்று நடந்தது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனியின் மருத்துவர், செடிகொடிகளை ஆராய்ந்தவர். 1826 வாக்கில் ரங்கையா என்ற ஓவியரைச் சென்னையில் வேலைக்கு வைத்துக்கொண்டார். ரங்கையாவுக்குப் பிறகு கோவிந்து வந்தார். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட ‘ஐகோனஸ்’ தொகுதிகளில் மட்டும் 2,101 படங்கள். இங்கே கியூ தாவரவியல் தோட்டத்தின் நூலகத்துக்கும் அந்த நூல் வந்து சேர்ந்தது. ஸ்கேன் செய்த பக்கங்களை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரு பக்கத்தை எடுத்துப் பெரிதாக்குங்கள். வண்ணம் கிடையாது, வெறும் கல்லச்சுக் கோடு. கிளை ஒன்று தாளின் குறுக்கே சாய்ந்திருக்கும். அடியில் பூவைப் பிரித்து அடுக்கியிருப்பார்: இதழ், மகரந்தப்பை, குறுக்கே வெட்டிய சூலகம். கடுகளவு விதையின் மேல்தோலில் உள்ள குழிகள் வரை. அதற்கும் கீழே, இடது ஓரத்தில், பொடி எழுத்தில் ஓவியரின் பெயர், பக்கத்தில் ‘del.’ என்று மூன்றெழுத்து. ‘இவர் வரைந்தார்’ என்பதற்கான லத்தீன் சொல்லின் சுருக்கம் அது.

வைட் அதோடு நிற்கவில்லை. 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். தன்னிடம் வேலை பார்த்த ஓவியரின் பெயர்! அந்தப் பேரினத்தைப் பிற்காலத்தில் வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள் என்றாலும், தாவரவியல் ஏடுகளில் கோவிந்துவின் பெயர் அழியவில்லை. வைட்டைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவரும் கம்பெனிச் சம்பளம் வாங்கியவர்தான். நான் சொல்ல வருவது அந்த மூன்றெழுத்து என்ன செய்தது என்பதை. எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் கிடந்த மூலப் படங்களைப் பின்னாளில் ஆராய்ந்த ஹென்றி நோல்ட்டி என்பவர், ரங்கையா, கோவிந்து என்ற பெயர்களைத் தலைப்பிலேயே போட்டு 2007-இல் நூல் கொண்டுவந்தார். பெயர் என்ற நூலிழை இருந்ததால்தான் சிதறிய முத்துகளைக் கோக்க முடிந்தது. தஞ்சாவூர்த் தாள்களை வரைந்தவருக்கு அந்த இழை இல்லை. அவர் வரைந்த வேறு படங்கள் பக்கத்து அலமாரியிலேயே இருந்தாலும், அவருடையவை என்று துணிந்து சொல்வது கடினம்.

2019 டிசம்பரில் லண்டன் வாலஸ் கலெக்ஷனில் கம்பெனிக்கு வரைந்த இந்திய ஓவியர்களுக்கென்று ஒரு கண்காட்சி நடந்தது. வரலாற்றாசிரியர் வில்லியம் டால்ரிம்பிள் அமைத்தது. அதில் வேலூர் எல்லப்பாவின் பெயரும் இருந்தது. எல்லப்பா, தான் ஓவியம் தீட்டுவதையே ஓவியமாகத் தீட்டிவைத்தவர். கண்காட்சியின் தலைப்பு ‘மறக்கப்பட்ட மேதைகள்’. தானாக மறந்துபோனதாக நினைக்காதீர்கள். எழுதாமல் விட்டதால் மறந்தது.

இது நம்மவர்களுக்கு மட்டும் நேர்ந்த கதி என்று எண்ண வேண்டாம். லண்டன் பாதாள ரயிலின் வரைபடத்தைத் தெரியாதவர் உண்டா? நேர்கோடு, சாய்கோடு, நிறத்துக்கு ஒரு தடம். அதை 1931-இல் வரைந்தவர் ஹாரி பெக், ரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவர். முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். 1933 ஜனவரியில் அச்சடித்தபோது சனம் அள்ளிக்கொண்டு போனது. மூலையில் அவர் பெயர் இருந்தது. 1960-இல் வேறொருவர் பெயரோடு புதிய வரைபடம் வந்தது. பெக்கின் பெயர் போய்விட்டது. பல ஆண்டுகள் கடிதம் எழுதிப் போராடினார். 1974-இல் இறந்தார், பெயர் திரும்பாமலே. அவருடைய வேலையை நாள்தோறும் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். “பார்க்கிறார்களே, போதாதா?” என்று அந்த மனிதரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். வடிவமைப்பாளர் கென் கார்லண்ட் போன்றவர்கள் விடாமல் எழுதிய பிறகுதான், மூலம் ஹாரி பெக்குடையது என்ற ஒரு வரி வரைபடத்தின் ஓரத்தில் மறுபடி ஏறியது. இன்றும் இருக்கிறது. அடுத்த முறை கையில் எடுக்கும்போது பாருங்கள்.

சட்டமும் இந்த நாட்டில் ஓவியருக்கு அவ்வளவாகத் துணை இல்லை. 1988-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டப்படி, ‘என் பெயரைப் போட வேண்டும்’ என்ற உரிமையை ஓவியர் முன்கூட்டியே எழுத்தில் கோரியிருக்க வேண்டும், கோராவிட்டால் செல்லாது. இந்தியாவில் 1957 சட்டத்தின் 57-ஆம் பிரிவு அப்படி எதுவும் கேட்பதில்லை. வரைந்தவருக்கு அந்த உரிமை தானே இருக்கிறது. இன்னொன்று: உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புக்குப் பிரிட்டிஷ் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘அநாதைப் படைப்பு’. முறைப்படி தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டிக் கட்டணம் கட்டினால், 2014 முதல் அதைப் பயன்படுத்த அரசு அலுவலகத்தில் உரிமம் வாங்கலாம். உயிரோடு இருக்கிற தகப்பனின் பிள்ளையை அநாதை ஆக்குவது யார்? கையெழுத்தை வெட்டி முதலில் அனுப்புகிறவர்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்புக்குள் ஓவியர் பதித்துவைத்த பெயர்த் தகவலும் கழன்றுவிடுகிறது. ஆகவே மூலையில் உள்ள அந்தக் கிறுக்கல்தான் அவருக்கு மிஞ்சிய ஒரே சாட்சி. அதன் மேல் பானையை ஒட்டுகிறோம்.

“வேலைப்பளுவில் யார் தேடிக்கொண்டிருப்பது?” என்பார்கள். அன்றைக்கு மண்டபத்திலேயே கைப்பேசியில் பேனரைப் படம் பிடித்து, கூகுள் லென்ஸில் போட்டேன். முதல் நான்கு முடிவுகள் வாழ்த்து அட்டைகள். ஐந்தாவதில் முழுப் படம், கையெழுத்தோடு. கையில் வைத்திருந்த வடை ஆறுவதற்குள் ஓவியரின் பக்கத்துக்கே போய்விட்டேன். தமிழ்நாட்டில் இருக்கும் இளைஞர். கேட்டால் வரைந்து கொடுக்கிறேன் என்று பக்கத்தில் எழுதிப்போட்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினேன். இரவு பதில் வந்தது: “பரவாயில்லை சார். பேர் மட்டும் இருந்திருந்தா லண்டன்ல இருந்து யாராவது கூப்பிட்டிருப்பாங்க.”

அந்தப் பேனரை அன்று பார்த்தவர்கள் முந்நூறு பேராவது இருப்பார்கள். மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடிக்க நினைப்பவர்கள் அவர்களில் இருந்தார்கள், தமிழ்ப் பள்ளிக்குப் பாடப்புத்தகம் தயாரிப்பவர்கள் இருந்தார்கள். எனக்கு அருகில் உட்கார்ந்திருந்த அம்மா, “யார் வரைஞ்சதுன்னு தெரிஞ்சா எங்க வீட்டுக்கு ஒண்ணு கேக்கலாம்” என்று சொல்லவும் சொன்னார். விளம்பரம் என்று சொல்கிறோமே, முகவரி இல்லாத விளம்பரத்தால் யாருக்கு லாபம்?

பேனர் செய்த தம்பியிடம் ஓவியரின் பதிலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். “நான் யோசிக்கேல்லை அண்ணை” என்றான். இந்த வருடப் பேனரில் ஓவியரின் பெயர் இருந்தது, தமிழில், படிக்கிற அளவில்.

லண்டனில் விழா நடத்தும் சங்கங்களிடமும் தமிழ்ப் பள்ளிகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் அழைப்பிதழில் மண்டபம் தந்தவர், சாப்பாடு தந்தவர், நகைக்கடை, ஒலிபெருக்கிக்காரர் என எல்லார் பெயரும் இருக்கிறது. அதோடு ஒரு வரி சேருங்கள்: ‘ஓவியம்’ என்று போட்டுப் பக்கத்தில் பெயர். தேடியும் கிடைக்காவிட்டால், ‘வரைந்தவர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள்’ என்று போடுங்கள். மூலையில் கையெழுத்து இருந்தால் அதை வெட்டாதீர்கள், மறைக்காதீர்கள். பானையை வேறெங்காவது வையுங்கள்.