ஏரி வண்டலில் இரண்டு மீன்கள்

நார்வேயின் வடகோடியில் உள்ள சில ஏரிகள் ஒரு காலத்தில் கடலின் பகுதியாக இருந்தவை. பனியுகத்தில் அந்த நிலத்தின் மேல் பெரும் பனிப்பாளம் கிடந்தது. அதன் பாரத்தில் நிலம் அமுங்கியிருந்தது. பனி உருகப் பாரம் குறைந்தது. நிலம் மெல்ல எழும்பியது. கரையோரப் பள்ளங்கள் நீரோடும் மீனோடும் உயர்ந்து, கடலிலிருந்து துண்டுபட்டன. மழைநீரும் ஓடைநீரும் சேரச் சேர உப்பு குறைந்து, அவை நன்னீர் ஏரிகளாயின.

இந்த மாற்றம் ஏரியின் அடியில் பதிந்திருக்கிறது. குழாய் இறக்கி வண்டலை எடுத்தால் கீழே கடல் வண்டல், மேலே நன்னீர் வண்டல், நடுவே இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அடுக்கு. அந்த நடு அடுக்கில் ஸ்டிக்கிள்பேக் என்ற மீனின் எலும்புகள் கிடைத்தன. முதுகில் மூன்று முள் கொண்ட, விரல் நீளச் சிறுமீன் இது. கடலில் வாழ்வதன் விலாவில் எலும்புத் தகடுகள் கவசம்போல் வரிசையாக இருக்கும். நன்னீரில் பல தலைமுறை கழித்தவற்றில் பெரும்பாலும் சில தகடுகளே மிஞ்சும்.

எலும்புகளின் வயது 11,000 முதல் 13,000 ஆண்டுகள். உயிர் போனதுமே டி.என்.ஏ. இழை அறுபடத் தொடங்கிவிடும். குளிர் அதைத் தாமதப்படுத்தும்; அவ்வளவுதான். எஞ்சுபவை சின்னஞ்சிறு துணுக்குகள். அவற்றின் நுனியில் சைட்டோசின் என்ற வேதியெழுத்து சிதைந்து, வாசிக்கும்போது தைமின் என்ற வேறோர் எழுத்தாகத் தெரியும். இது குறைதான், ஆனால் உதவுகிற குறை. ஆய்வாளரின் கையிலிருந்து ஒட்டிக்கொண்ட புது டி.என்.ஏ.வில் இந்தச் சிதைவு இவ்வளவு இராது. பழையதை இனங்காட்டுவது அதுவே. பிறகு ஒவ்வொரு துணுக்கையும் இன்றைய ஸ்டிக்கிள்பேக்கின் மரபணுத்தொகையோடு, அதாவது அதன் டி.என்.ஏ. முழுமையோடு, ஒப்பிட்டு அதற்குரிய இடத்தைக் காண்கிறார்கள். செல்லரித்த சுவடியின் துண்டுகளை, முழுப் பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொருத்துவது போன்ற வேலை.

2021இல் வெளியான ஓர் ஆய்வு, இரு ஏரிகளில் கிடைத்த இரண்டு மீன்களை இப்படி ஓரளவு வாசித்தது. அதே ஏரிகளிலும் பக்கத்துக் கடற்கழியிலும் இன்று வாழும் 30 மீன்களோடு ஒப்பிட்டது. மூதாதையர் எப்படி இருந்தனர் என்று அறிய, இன்றைய கடல் மீன்களையே அவர்களாகக் கொள்வது வழக்கம். அது ஊகம்தான். இங்கே ஊகம் தேறியது: பழைய மீன்கள் கழி மீன்களையே ஒத்திருந்தன. ஏரி மீன்களோ முன்னோரின் மரபணு வேறுபாடுகளில் கணிசமானவற்றை இழந்திருந்தன.

எதிர்பாராதது ஒன்றும் இருந்தது. பழைய மீன்களில் ஒன்றிடம் நன்னீர் வாழ்வுக்கு உதவும் மரபணு வடிவங்கள் முன்பே இருந்தன. உதவுகிற வடிவம் காலப்போக்கில் பெருக வேண்டும். அந்த ஏரியின் இன்றைய மீன்களிடம் அவை பெருகவில்லை. ஏரியில் சிக்கியவை சொற்பம் என்பதே ஆய்வாளர் தரும் விளக்கம். கூட்டம் பெரிதானால் ஒரு மீனின் சாவு கணக்கில் வராது. சிறிதானால், நல்ல வடிவத்தைச் சுமந்த மீனைப் பறவை கொத்திப் போவதே கணக்கை மாற்றிவிடும். இயற்கைத் தேர்வைவிடத் தற்செயலின் கை அங்கே ஓங்குகிறது.

இரண்டு மீன்களை, அதுவும் அரைகுறையாக, வாசித்துப் பெற்ற முடிவு இது. எல்லா ஏரிகளுக்கும் இதை நீட்டுவது சரியாகாது. ஆனாலும் இன்றைய ஏரி மீன்களை மட்டும் பார்த்திருந்தால், அந்த வடிவங்கள் தொடக்கத்திலேயே அங்கு வந்து சேர்ந்திருந்தன என்று சொல்ல வழியே இருந்திராது.