100-வது இடம்தான் எல்லைக்கோடு: பிரஜ்னேஷ் குணேஸ்வரனின் டென்னிஸ் வாழ்க்கை சொல்லும் கணக்கு

சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2024 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். அப்போது வயது 35. உலகத் தரவரிசையில் 75-வது இடம் வரை போனவர். 2019-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளின் ஒற்றையர் பிரதான சுற்றிலும் ஆடியவர். 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றவர்.

ஆனா, அவர் முதல் 100 இடங்களுக்குள் இருந்தது பெரும்பாலும் 2019 என்ற அந்த ஒரே ஆண்டில்தான். மற்ற ஆண்டுகள் எல்லாம் அந்த எல்லைக்கோட்டுக்கு வெளியே நடந்த போராட்டம். திறமையான ஒருவருக்கே இந்த நிலை என்றால், ஒடுகத்தூர் மாதிரி ஒரு பேரூராட்சியில் மட்டையைத் தூக்கும் பிள்ளைக்கு என்ன வழி?

யார் இந்த பிரஜ்னேஷ்?

1989-ல் பிறந்த இடதுகை ஆட்டக்காரர். 2010 வாக்கில் தொழில்முறை டென்னிஸுக்கு வந்தார். முழங்கால் எலும்பில் ஏற்பட்ட விரிசல்கள் அவருடைய இருபதுகளின் பல ஆண்டுகளை விழுங்கிவிட்டன. மற்றவர்கள் மேலே ஏறும் வயதில் அவர் சிகிச்சையில் இருந்தார். பிறகு ஜெர்மனியில் அலெக்சாண்டர் வாஸ்கேயின் அகாடமியில் பயிற்சி பெற்று மீண்டு வந்தார்.

2018-ல் ஸ்டட்கார்ட் போட்டியில் கனடாவின் டெனிஸ் ஷபோவலோவை வீழ்த்தினார். சீனாவின் அனிங், பெங்களூரு ஆகிய இரண்டு சேலஞ்சர் பட்டங்களும் அந்த ஆண்டுதான். 2019 பிப்ரவரியில் முதன்முறையாக 100-க்குள் நுழைந்தபோது வயது 29. அடுத்த மாதமே இந்தியன் வெல்ஸில் பெனுவா பேர், நிக்கோலஸ் பசிலஷ்விலி என இரண்டு முன்னணி வீரர்களை வென்று மூன்றாவது சுற்று வரை போனார்.

100-வது இடத்தில் அப்படி என்ன இருக்கு?

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர் ஆடுவார்கள். அதில் சுமார் 104 இடங்கள் நேரடியாகத் தரவரிசைப்படி நிரப்பப்படும். மீதி, தகுதிச்சுற்றில் வென்று வரும் 16 பேருக்கும், 'வைல்டு கார்டு' பெறுபவர்களுக்கும். ஆக, 100-க்குள் இருந்தால் நேராக உள்ளே போகலாம். 130-ல் இருந்தால் மூன்று தகுதி ஆட்டங்களை ஜெயிக்கணும்.

உள்ளே போய்விட்டால், முதல் சுற்றில் தோற்றாலும் பணம் உண்டு. 2019 ஆஸ்திரேலிய ஓபனுக்கு பிரஜ்னேஷ் தகுதிச்சுற்று வழியாகத்தான் வந்தார். முதல் சுற்றில் பிரான்சிஸ் டியாஃபோவிடம் தோற்றார். அந்தச் சுற்றுக்கான தொகை 75 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 38 லட்சம் ரூபாய். அந்த ஆண்டின் மற்ற மூன்று போட்டிகளுக்கும் தரவரிசையே அவரை நேராக உள்ளே அனுப்பியது. நான்கிலும் முதல் சுற்றுத் தோல்விதான். விம்பிள்டனில் எதிரே மிலோஸ் ராவோனிச், அமெரிக்க ஓபனில் டேனில் மெத்வதேவ். ஆனாலும் அடுத்த ஆண்டுக்கான பயிற்சி, பயணச் செலவைத் தாங்கக்கூடியது இந்தப் பணம்தான்.

இப்போ அடித்தட்டைப் பாருங்க. ஐடிஎஃப் நடத்தும் கீழ்நிலைப் போட்டிகளில் மொத்தப் பரிசே 15 ஆயிரம் டாலர். சாம்பியனுக்கு 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர், அதாவது சுமார் 13 ஆயிரம் ரூபாய். விமான டிக்கெட், தங்கும் அறை, சாப்பாடு, மட்டை நரம்பு எல்லாம் அவரவர் செலவு. பயிற்சியாளரைக் கூட்டிட்டுப் போனால் செலவு இரண்டு மடங்கு.

சுமித் நாகல் சொன்ன உண்மை

2023 செப்டம்பரில், அன்று இந்தியாவின் முதல்நிலை வீரராக இருந்த சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் சுமார் 900 யூரோதான் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பிறகு உதவிகள் வந்தன. 2024 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றை வென்றார். அடுத்த மாதம் சென்னை சேலஞ்சர் பட்டத்தைப் பிடித்து 100-க்குள் வந்தார். திறமை சில மாதத்தில் கூடிவிடவில்லை. தொடர்ந்து ஆட முடிகிற நிலை வந்தது.

இது இந்தியப் பிரச்சினை மட்டுமா?

இல்லை. ஜமைக்கா தந்தைக்கும் ஜெர்மன் தாய்க்கும் பிறந்த டஸ்டின் பிரவுன், 2004-லிருந்து ஒரு வேனில் படுத்துறங்கி ஐரோப்பா முழுக்கப் போட்டிகளுக்குப் போனார். மற்ற வீரர்களின் மட்டைக்கு நரம்பு கட்டிக்கொடுத்துக் கைச்செலவைப் பார்த்துக்கொண்டார். ஜமைக்கா டென்னிஸ் சங்கத்திடமிருந்து போதிய ஆதரவு இல்லை என்று 2010-ல் ஜெர்மனிக்காக ஆடத் தொடங்கினார். அவர்தான் 2015 விம்பிள்டனில் ரஃபேல் நடாலை வென்றவர்.

டொமினிக்கன் குடியரசின் விக்டர் எஸ்ட்ரெயா பர்கோஸ் 100-க்குள் வந்தபோது அவருக்கு வயது 33. பிறகு ஈக்வடாரின் குயிட்டோ போட்டியைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றார். கரீபியன் தீவுகளானாலும் தமிழ்நாடானாலும் பிரச்சினை ஒன்றுதான்: மேலே போகும்வரை யார் செலவு செய்வது?

வேலூர் பக்கத்துக்கு இதில் என்ன?

வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் தங்கம் வென்றார். அவர் ஏறிய ஏணி வேறு. மாவட்டம், மாநிலம், தேசிய முகாம் என்று படிகள் உண்டு. இந்திய அணிக்குத் தேர்வானால் பயணச் செலவு அரசுடையது. டென்னிஸில் அப்படி இல்லை. தரவரிசைப் புள்ளி வேணும்னா ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து வாரம் ஊர் ஊராகப் போய் ஆடணும். 52 வாரம் கழிந்தால் பழைய புள்ளிகள் காலாவதியாகும். காயம் பட்டு ஓர் ஆண்டு உட்கார்ந்தால் சேர்த்த புள்ளிகள் எல்லாம் போய்விடும்.

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையை நம்பும் குடும்பத்துக்கோ, ஆம்பூர் ஷூ கம்பெனிச் சம்பளத்தை நம்பும் குடும்பத்துக்கோ, பத்து வருஷம் பலன் தெரியாமல் பணம் போடும் வசதி கிடையாது. பிள்ளைக்குத் திறமை இருக்கா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும்.

மாற்று வழி உண்டா?

சில உண்டு. ஒன்று, இரட்டையர் ஆட்டம். கோவையின் ஸ்ரீராம் பாலாஜி ராணுவத்தில் பணியில் இருந்தபடியே ஆடி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோகன் போபண்ணாவுடன் களமிறங்கினார். கம்மவான்பேட்டை போன்ற ராணுவ கிராமங்கள் உள்ள வேலூர் மாவட்டத்துக்கு இந்த வழி புதுசில்லை. இரண்டு, அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை. மூன்று, மாநில அரசு வேலையில் உள்ள 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீடு.

உள்ளூர்ப் போட்டிகளும் முக்கியம். சென்னை ஓபன் ஏடிபி போட்டி 2017-க்குப் பிறகு புனேவுக்குப் போனது. 2023-க்குப் பிறகு அதுவும் இல்லை. சொந்த ஊரில் போட்டி நடந்தால் உள்ளூர் வீரருக்கு வைல்டு கார்டு கிடைக்கும், விமானச் செலவும் மிச்சம். சென்னையில் 2022, 2025-ல் பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டி நடந்தது நல்ல தொடக்கம்.

சர்வதேச அளவிலும் ஒரு மாற்றம் வந்திருக்கு. ஏடிபி 2024-ல் தொடங்கிய திட்டப்படி முதல் 100 பேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 லட்சம் டாலர், 175 வரை 2 லட்சம், 250 வரை 1 லட்சம் டாலர் வருமானம் உறுதி. பிரஜ்னேஷ் போராடிய காலத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் இதுவும் 250-க்குள் வந்தவர்களுக்குத்தான். 251-வது இடத்துக்குக் கீழே இருப்பவர்களின் செலவு இன்னமும் அவரவர் வீட்டுக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. அரசும் சங்கங்களும் கை கொடுக்க வேண்டியது அந்த இடத்தில்தான்.