பாய்லருக்கு நல்ல தண்ணீர். பாட்டாளிக்கு உப்புத் தண்ணீரா?

கோவை நகரில் தண்ணீருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று நல்ல தண்ணீர். மற்றது உப்புத் தண்ணீர். சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் வருவது நல்ல தண்ணீர். அது சில நாட்களுக்கு ஒருமுறை வரும். கோடையில் முறை இன்னும் நீளும். தெருவோரத்து ஆழ்குழாயிலிருந்து தொட்டிக்கு ஏறி, குழாய் வழியே இறங்குவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் வராத நாட்களிலெல்லாம் உழைப்பாளி வீட்டுக்கு அதுதான் கதி.

"தண்ணீர் வருகிறதே, பிறகென்ன குறை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தத் தண்ணீரில் ஒருநாள் துணி துவைத்துப் பார்க்கட்டும்.

இதில் இருப்பது வெறும் கறியுப்பு அல்ல. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது பாறையிலுள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. கோவை வட்டாரப் பாறையில் சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம்? மதுக்கரையில் அதை வெட்டித்தானே சிமெண்டு செய்தார்கள்! பாறை இடுக்கில் நீண்ட காலம் கிடந்த நீரில் இந்தக் கரைசல் அதிகம். அதையே கடின நீர் என்கிறோம்.

இதனால் வீட்டுக்கு வரும் நஷ்டத்தைக் கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் சுண்ணாம்புக் கடினம் உள்ள நீர் 20 லிட்டர் எடுத்தால், அதில் 10 கிராம் இருக்கும். சோப்பு முதலில் இந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து திரிதிரியான அழுக்காக மாறும். அது முடிந்த பிறகுதான் நுரை வரும். சுண்ணாம்பைப் போல ஆறு மடங்கு சோப்பு இதற்கே செலவாகிறது. அந்த 20 லிட்டரும் நுரைக்க வேண்டுமானால் சுமார் 60 கிராம் சோப்பு வீண். அழுக்கு போவதற்கு முன்பே கூலியில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போய்விடுகிறது! மிஞ்சிய திரி துணியில் படிந்து, வெள்ளை வேட்டி பழுப்பாகிறது, துணி சீக்கிரம் கிழிகிறது, தலைமுடி சிக்காகிறது.

அடுப்பங்கரையிலும் இதே கதை. உப்புத் தண்ணீரில் துவரம் பருப்பு எளிதில் வேகாது. சுண்ணாம்பு பருப்பை இறுக்கிப் பிடிக்கிறது. கேஸோ விறகோ, செலவு கூடுகிறது. காலை ஷிப்டுக்குப் போகும் பெண் அரைமணி முன்னதாக எழ வேண்டியிருக்கிறது. பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறது.

இந்தப் பொருக்கு ஆலைத் தொழிலாளிக்குப் புதிதல்ல. பாய்லர் குழாயில் இது படிந்தால் சூடு ஏறாது, எரிபொருள் வீணாகும், குழாய் வெடிக்கும் அபாயமும் உண்டு. ஆகவே சாயப் பட்டறையிலும் சைசிங் பட்டறையிலும் பாய்லருக்குள் போகும் நீரின் கடினத்தை நீக்க யந்திரம் வைத்திருக்கிறார்கள். அதற்கு உப்பு மூட்டை சுமந்து கொட்டுபவர் யார்? நம் தோழர்கள்தாம். இரும்புக் குழாய்க்கு ஆகாத தண்ணீர், அதை இயக்கும் மனிதனின் குடும்பத்துக்கு மட்டும் எப்படி ஆகும்?

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடின நீர் விஷமல்ல. கடினத்தால் மட்டும் நோய் வரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. "கிட்னியில் கல் வரும்" என்று பயமுறுத்தி யந்திரம் விற்பவர்களிடம் ஜனங்கள் ஏமாற வேண்டாம். ஆனால் சாக்கடை கலந்த நீர், சாயக்கழிவு இறங்கிய நீர், ஃபுளோரைடு மிகுந்த நீர் ஆகியவை வேறு. அவை உடலைக் கெடுப்பவை. பரிசோதித்தால்தான் எது எதுவெனத் தெரியும்.

சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது? 2012ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயப்படி, ஏற்கத்தக்க கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 600 வரை போகலாம். நமது கேள்வி இதுதான்: 1973ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிறுவாணியில் அணை கட்டியிருக்கும்போது, தொழிலாளர் தெருவுக்கு மட்டும் "வேறு ஆதாரம் இல்லை" என்பது ஏன்? விதிவிலக்கு ஏழைக்கு விதியாகிவிட்டது!

பணமுள்ளவன் வடிகட்டும் யந்திரம் வாங்குகிறான். இல்லாதவன் கேன் வாங்குகிறான். கேன் 30 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு நாளுக்கு ஒன்று வாங்கினால் மாதம் 450 ரூபாய். ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயத் தொழிலாளிக்கு இது சிறிய தொகையல்ல.

உடனடியாக வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. நல்ல தண்ணீரைச் சமையலுக்கென ஒதுக்கி, பருப்பை அதில் ஊறவைத்து வேகவையுங்கள். கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த நீரில் கடினத்தின் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும். துவைக்கும் நீரில் முதலில் சலவை சோடா போட்டுத் தெளியவிட்டால் சோப்பு குறையும். படிகாரம் கலங்கலைத் தெளியவைக்குமே தவிர, கடினத்தைப் போக்காது. பொருக்குக்குப் புளி போதும்.

ஆனால் சோடாவும் புளியும் ஒரு நகரத்தின் தண்ணீர்ப் பிரச்னையைத் தீர்த்துவிடாது. நாம் கோருவது இவை: ஒவ்வொரு ஆழ்குழாய் நீரையும் பரிசோதித்து, கடின அளவைத் தொட்டியிலேயே எழுதி வைக்க வேண்டும். பங்களாத் தெருவுக்கும் லைன் வீட்டுக்கும் நல்ல தண்ணீர் ஒரே முறையில், ஒரே அளவில் வர வேண்டும். 600ஐத் தாண்டிய நீரை ஆற்று நீரோடு கலந்தோ, சுத்திகரித்தோ பொதுச் செலவில் தர வேண்டும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் ஆகியவற்றில் சாக்கடை விழுவதைத் தடுத்து, நொய்யல் வெள்ளத்தைத் தேக்கினால் நிலத்தடி நீரும் தெளியும்.

தெருவுக்குத் தெரு பெண்கள் முன்னின்று தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோகட்டும். கையில் அளவுச் சீட்டோடு மாநகராட்சி வாசலில் நிற்கும்போது, "தண்ணீர்தான் வருகிறதே" என்று எந்த அதிகாரியும் தட்டிக்கழிக்க முடியாது.