பெரிய பூசணியும் நல்ல விதையும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. பூசணியைப் பொறுத்தமட்டில், முளைக்கும் முன்னரே, பூவிலேயே அதன் தரம் தீர்மானமாகி விடுகின்றது என்பது என் கருத்தாகும். இதனை நான் நூல்களிற் கற்றதிலும் பார்க்க, செய்த பிழையொன்றினாலேயே நன்கு கற்றுக்கொண்டேன்.

விவசாயப் பாடசாலையில் டிப்ளோமாப் பெற்று, போதனாசிரியராக முதன்முதலில் வேலைக்கமர்ந்த ஆண்டில், எனது பிரிவில் நடந்த சிறிய விளைபொருட் கண்காட்சியொன்றில் 19 கிலோகிராம் நிறையுள்ள பூசணிக்காயொன்று முதற்பரிசு பெற்றது. அதனை வெட்டி, விதைகளைக் கழுவி உலர்த்தி, பதினொரு கமக்காரருக்கு என் கையாலேயே பங்கிட்டுக் கொடுத்தேன். இதுபோன்ற காய் கிடைக்குமென்று உறுதியுங் கூறினேன். அடுத்த சிறுபோகத்தில் விளைந்த காய்களோ ஒன்றுக்கொன்று ஒவ்வாதனவாயிருந்தன. சில உருண்டை, சில தட்டை, சில சுரைக்காய்போற் கழுத்து நீண்டவை. பெரும்பாலானவை 4 கிலோகிராமைத் தாண்டவில்லை. நெல்லறுத்த வயலில் அரை ஏக்கர் நட்டிருந்த முதியவர் ஒருவர் என்னை நோக்கி, "தம்பி, காயைப் பார்த்து விதை தந்தீர், அதின்ரை தேப்பனைப் பார்த்தீரோ?" என்று கேட்டார். அவருக்குக் கொடுக்க என்னிடம் விடை இருக்கவில்லை.

தகப்பன் யார்?

பூசணிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூக்கின்றன. நீண்டு மெலிந்த காம்பில் நிற்பது ஆண் பூ. இதழ்களின் கீழே சிறு பிஞ்சுடன் கூடியது பெண் பூ. இரண்டும் விடியற்காலையில் விரிந்து, நண்பகலுக்கு முன் வாடிவிடும். இச்சிறிது நேரத்தினுள் தேனீக்கள் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டு சென்றாலன்றிக் காய் பிடிக்காது. அம்மகரந்தம் அதே கொடியினதோ, அயற் கொடியினதோ, வேலிக்கப்பாலுள்ள வேறோர் இனத்தினதோ என்பதைத் தேனீ பார்ப்பதில்லை.

கமக்காரர் பலர் இங்கே ஒரு மயக்கமடைகின்றனர். வேற்றினத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தாலும், அவ்வாண்டுக் காயின் வடிவும் சதையும் தாய்க்கொடிக்குரியனவாகவே இருக்கும். கலப்பு முழுவதும் உள்ளேயிருக்கும் விதையில் மறைந்து கிடந்து, அவ்விதையை நட்ட பின்னரே வெளிப்படும். ஆகவே, காயின் அழகு அதன் விதைக்குச் சாட்சியாகாது. பரிசு பெற்ற அக்காயைக் கண்டு நான் ஏமாந்ததும் இதனாலேயே.

மற்றொரு காரணமும் உண்டு. மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில், எருவும் நீரும் நிறையப் பெற்று, ஒரே காயைத் தாங்கி நின்ற கொடி பெருங்காய் தருவது வியப்பன்று. அப்பருமன் நிலத்தினாலும் பராமரிப்பினாலும் வந்தது. அது விதைவழி இறங்குவதில்லை.

கனடாவிற் கண்ட உண்மை

இராட்சதப் பூசணி வளர்ப்பு குளிர்நாட்டவரின் ஒரு பெரும் போட்டியாகும். 1904 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரக் கண்காட்சியில், கனடா நாட்டவரான வில்லியம் வார்னொக் என்பவரின் பூசணி 403 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 183 கிலோகிராம் நிறுத்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, 1976 வரை, அதனை வெல்வாரிலர். அதன்பின் நிலைமை விரைவாக மாறியது. 2025 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறுக்கப்பட்ட பூசணியொன்று 1,278 கிலோகிராமுக்கு மேலிருந்தது.

இம்மாற்றத்துக்கு முதல் வழி வகுத்தவர்களுள் தலையாயவர், கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்தில், வின்சர் என்னும் ஊரில் வாழ்ந்த ஹவார்ட் டில் என்பவர். அவர் பாற்பண்ணை நடத்திய ஒரு கமக்காரர். பல்கலைக்கழகத்தில் இனவிருத்தி படித்தவரல்லர். பழைய பெருங்காய் இனங்களைத் தம் நிலத்திற் பல்லாண்டுகள் தெரிந்தெடுத்தும் கலந்தும், அட்லாண்டிக் ஜயன்ட் என்னும் இனத்தை உருவாக்கினார். 1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலகப் போட்டியில் வென்றார். 1981 இல் அவர் காட்டிய காய் 493.5 இறாத்தல், ஏறத்தாழ 224 கிலோகிராம் நிறையுடையது. பின்னர் வந்த பெருங்காய்களுள் ஏறக்குறைய எல்லாம் அவ்வினத்தின் வழிவந்தனவே.

இப்போட்டியாளர்கள் விதையொன்றைக் கைமாற்றும்போது, அது பிறந்த காயின் நிறை, வளர்த்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு, தாய் எது, தகப்பன் எது என்பதையும் எழுதியே கொடுக்கின்றனர். அம்முதியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு அவர்கள் ஒவ்வொரு விதைப் பையிலும் விடை எழுதி வைத்திருக்கின்றனர். அவர்களது வெற்றியில் எருவுக்கும் நீருக்கும் பங்குண்டு. ஆயினும் தலைமுறை தலைமுறையாக வெற்றி நிலைத்தமைக்கு இவ்வெழுத்தே காரணம் என்பேன்.

நமக்கு வேண்டிய பெருமை எது?

அவ்விராட்சதக் காயை நாமும் விளைவிக்க வேண்டுமா என்று சிலர் கேட்பர். வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அவ்வினம் கோடையின் நீண்ட பகலுக்கும் மிதமான வெப்பத்துக்கும் பழகியது. அதன் சதை நீர்த்து, சுவையற்றிருக்கும். ஒரு கொடியில் ஒரு காயை மாத்திரம் விட்டு, ஏனையவற்றைக் கிள்ளி எறிதல் வேண்டும். நம் சந்தையிலோ, குடும்பமொன்று ஒரு நேரக் கறிக்கு வாங்குவது ஒரு துண்டையே. மிகப் பெரிய காயை வெட்டி விற்கும் வியாபாரி, மீதி பழுதாகும் நட்டத்தையும் எண்ணியே கமக்காரருக்கு விலை பேசுகின்றார்.

மேலும், அது குக்குர்பிற்றா மாக்சிமா என்னும் சாதி. நம் தோட்டங்களிற் பெரும்பாலும் நடப்படுவது குக்குர்பிற்றா மொஸ்சாற்றா என்னும் வேறு சாதி. முன்னதன் காய்க்காம்பு உருண்டு, தக்கைபோல் மென்மையாயிருக்கும். பின்னதன் காம்பு கடினமாய், ஐந்து விளிம்புகளுடன், காயிற் சேருமிடத்தில் விரிந்திருக்கும். இவ்விரு சாதிகளும் எளிதிற் கலப்பதில்லை. கலந்தாலும் பிறக்குங் கொடி பெரும்பாலும் மலடாகும். ஆதலால் பிறநாட்டு விதையை நம் பூசணியோடு கலந்து புதுமை காண முயல்வது வீண் செலவு.

நாம் பெருக்க வேண்டியது ஏக்கருக்குரிய விளைச்சலை. கொடிக்கு நான்கைந்து காய், காய்க்கு 3 அல்லது 4 கிலோகிராம், தடித்த சதை, சிறிய உட்குழி, நெடுநாள் பழுதாகாத தன்மை, வைரசு நோயையும் வெண்பூஞ்சணத்தையும் தாங்கும் வலிமை என்பனவே நாம் தேட வேண்டிய குணங்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவது, காயைத் தெரியாது கொடியைத் தெரிதல் வேண்டும். ஒரே அளவு எருவும் நீரும் பெற்ற கொடிகளை ஒப்பிட்டு, மொத்தக் காய்களின் நிறையையும் நோயின்மையையும் பார்த்து, மூன்று நான்கு கொடிகளைக் குறித்துக்கொள்க. வரம்போரக் கொடியையும் எருக்கும்பத்தருகே நின்ற கொடியையும் விலக்குக.

இரண்டாவது, பூவைக் காத்தல் வேண்டும். இனங்கள் கலவாதிருக்க ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் இடைவெளி தேவை. நம் சிறு தோட்டங்களில் அது இயலாது. ஆயினும் நூற்றுண்டு ஒன்று போதும். மறுநாள் விரியவிருக்கும் பூவின் நுனி மாலையிலேயே மஞ்சளாகத் தெரியும். அத்தகைய ஆண் பூ இரண்டு மூன்றையும் பெண் பூவொன்றையும் விரியாதபடி நூலாற் கட்டிவிடுக. விடிந்ததும் ஆண் பூக்களைக் கொய்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள குறியின் எல்லாப் பக்கங்களிலும் மெதுவாகத் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டுக. ஒரே கொடியின் ஆண் பூவைப் பயன்படுத்தினால் இனம் தூய்மையாகும். பூசணி இதனாற் சோளத்தைப்போல் வலுவிழப்பதில்லை. இரு கொடிகளின் நற்குணங்களைச் சேர்க்க விரும்பின், மற்றக் கொடியின் ஆண் பூவை எடுக்க.

மூன்றாவது, எழுதுதல் வேண்டும். "கொடி 3, தகப்பன் கொடி 7" என்றும் திகதியையும் எழுதிய அட்டையைக் காம்பிற் கட்டி, கொப்பியிலும் பதிக. காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத நிலை வந்தபின் காயைப் பறித்து, மூன்று வாரம் வைத்திருந்து விதையெடுத்து, நிழலில் உலர்த்துக. அடுத்த போகத்தில் ஒவ்வொரு காயின் விதையிலும் பத்தைத் தனித்தனி வரிசையாக நட்டு ஒப்பிடுக. எந்த வரிசை முழுவதும் ஒத்துச் சிறந்து நிற்கின்றதோ, அதுவே நல்ல விதை.

கடையில் வீரிய கலப்பின விதை கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பாருமுளர். அவ்விதையை நான் பழிக்கவில்லை. ஆனால் அதன் காயிலிருந்து விதையெடுத்து நட்டால் குணங்கள் பிரிந்து போகும். ஒவ்வொரு போகமும் பணங் கொடுத்தே வாங்கல் வேண்டும். அன்றியும், தந்தையும் பாட்டனும் காத்துவந்த நம்மூர் விதை ஒருமுறை அழிந்தால், அதனை எக்கடையிலும் வாங்க முடியாது.

அம்முதியவரின் தோட்டத்தில் அதற்கடுத்த போகம் இருவரும் சேர்ந்து நான்கு பூக்களைக் கட்டினோம். மழை நனைத்ததால் இரண்டு உதிர்ந்தன, இரண்டு காய்த்தன. அவற்றிலொன்றின் வழிவந்த விதையையே இன்று அவர் நடுகின்றார். அது கண்காட்சியிற் பரிசு பெறும் பருமனுடையதன்று. ஆயினும் தாமிடும் விதையிலிருந்து என்ன காய் வருமென்பதை அவர் நடும்போதே அறிவார். வருகின்ற போகத்தில் ஒவ்வொரு கமக்காரரும் நான்கு பூக்களையேனும் கட்டிப் பார்த்தல் வேண்டும்.