வாப்பாமாரின் பெயரை மட்டும் தேடினால் பரம்பரை கிடைக்காது



"பதிவு ஒண்டும் இல்ல சேர், எல்லாம் சுனாமியோட போயிட்டு." நம் கரையோர ஊர்களில் மூதாதையரைப் பற்றிக் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். நானும் பல வருசம் இதையே சொன்னவன்தான். இதில் பாதி உண்மை. மற்றப் பாதி நம் சோம்பல்.

என் உம்மம்மாவின் உம்மா யாருடைய மகள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பெட்டகத்தில் இருந்த பத்திரங்களை 2004இல் கடல் கொண்டுபோனது. பிறப்புப் பதிவு தேடினேன், இல்லை. மையவாடியில் மீசான் கட்டைதான் இருக்கிறது, அதில் பெயர் இல்லை.

பிறகுதான் யோசித்தேன். நம் கிழக்கில் வீடுவளவு பெண்பிள்ளைக்குத்தானே சீதனமாகப் போகிறது? நொத்தாரிசு எழுதும் உறுதியின் பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். வீட்டு உறுதி தொலைந்தாலும் அந்தப் பிரதி இருக்கலாம். தேடினேன், கிடைத்தது. உம்மம்மாவுக்கு எழுதிய சீதன உறுதியில், இந்த வளவு தனக்குத் தாய்வழி முதுசமாக வந்தது என்று அவவின் உம்மா சொல்லியிருந்தா. அந்தத் தாயின் பெயரும் இருந்தது!

தாய் கிடைத்தால் குடி கிடைக்கும். நம் குடிமுறை தாய்வழிதானே. அந்தக் குடியின் வயதான பெண்மணி ஒருவர் தகப்பனின் பெயரைச் சொன்னார். பழைய காவின் பதிவில் வலியாக நின்றவரும் அவரேதான். நாலு தலைமுறைக்குப் பிறகு ஒரு பெண்ணுக்குத் தாயும் தகப்பனும் கிடைத்தார்கள்.

இப்போது கோபத்தோடு மூன்று விசயம் சொல்கிறேன்.

ஒன்று, பள்ளி நிருவாகிகளுக்கு. பள்ளியை உடைத்துக் கட்டும்போது பழைய கொப்பிகளைக் குப்பை என்று எரிக்காதீர்கள். குடிக்கணக்கும் மரைக்கார்மாரின் பெயர்களும் அதில்தான் இருக்கின்றன. மாபிள் பதிக்கக் காசு சேர்க்கிற நமக்கு ஓர் இரும்பு அலுமாரி பெரிய செலவா?

இரண்டு, "எங்கட மூதாதை அரபு நாட்டில இருந்து வந்தவர்" என்று பெருமை பேசுவோருக்கு. ஆயிரம் வருசத்துக்கு முந்திய வாப்பாவைத் தெரியும், சொந்த வாப்பும்மாவின் உம்மாவைத் தெரியாதா? என் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னேன். ஆண்களின் பெயர் மூன்று, நாலு தலைமுறைக்கு வந்தது. வாப்பும்மாவின் உம்மாவின் பெயரை ஒரு பிள்ளையாலும் எழுத முடியவில்லை. இரத்த உறவைச் சேர்ந்து வாழச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உறவு யாரென்றே தெரியாமல் எப்படிச் சேர்வது?

மூன்று, தேடிவிட்டுக் கைவிட்டவர்களுக்கு. ஒரு பெயரை ஒரே எழுத்தில் தேடாதீர்கள். லெப்பை இல்லாவிட்டால் லெவ்வை என்று பாருங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர் வேறு, பதிவில் உள்ள பெயர் வேறாக இருக்கும். ஆணின் பக்கம் அடைபட்டால் பெண்ணின் பக்கம் போங்கள்: சீதன உறுதி, குடி, காவின்.

உறுதிப் பிரதி நாளைக்கும் பதிவகத்தில் இருக்கும். எனக்குத் தகப்பன் பெயரைச் சொன்ன அந்தப் பெண்மணி போன மாதம் மௌத்தாகிவிட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இரண்டு வருசம் பிந்திப் போயிருந்தால் எனக்கும் அந்தப் பெயர் இல்லை.

இன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு போனை வைத்துவிட்டு, வீட்டில் உள்ள மூத்தவரிடம் போய்க் குந்துங்கள். "உங்கட உம்மாட உம்மாக்குப் பேர் என்ன?" என்று கேட்டு, கொப்பியில் எழுதுங்கள்.