வேகம் வீரமன்று



16 வயதில் உரிமம் எடுத்த மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகிறோம். சங்கிலியின் தொய்வையும் பிரேக்கின் தேய்மானத்தையும் பார்க்கக் கற்றுத் தருகிறோமா? 'கையில் எண்ணெய்க் கறை படிந்தால் படிப்புக் கெடும்' என்பது நம் வீண் பெருமை. அவனோ பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளான்வரை கூட்டரசு நெடுஞ்சாலையில் பறப்பதே திறமை என்று நம்புகிறான்.

'டிரையல்ஸ்' என்றொரு மோட்டார் சைக்கிள் போட்டி உண்டு. பாறையையும் சேற்றையும் கால் ஊன்றாமல் மெல்லக் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 தண்டப் புள்ளி, விழுந்தால் 5. கிளட்சும் பிரேக்கும் விரலசைவுக்குப் பணியாத வண்டியில் இது நடவாது. 1965இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியில் சாமி மில்லர் வென்றது, தாமே உருவாக்கத் துணைநின்ற புல்டாக்கோ வண்டியில்தான்.

நம் உரிமத் தேர்வும் இதையே கேட்கிறது: 'தித்தி' எனும் ஒடுங்கிய மேடையை நிதானமாகக் கடக்க வேண்டும். தேறிய மறுநாளே அது மறக்கப்படுகிறது. இந்நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றோருடையவை. இளைஞரை மட்டும் ஏசிப் பயனென்ன?

பெற்றோர்களே, சாவியைத் தருமுன் ஸ்பேனரைத் தாருங்கள். ஆசிரியர்களே, பட்டறைத் தொழிலை இழிவாகப் பேசாதீர்கள். சிந்திப்போம்!